முழங்காலுக்குக் கீழே நாலு விரல்

...அசையாதே என்று சொன்னால்தான் மூக்கு அரிக்கும், அதுவரை இந்த மூக்கு எங்கே போயிருந்தது, காலையிலிருந்து அதை ஒருதரம் நினைத்தாவது பார்த்தேனா, தலையை இந்தக் குழாய்க்குள் விட்டு, இரண்டு பக்கமும் திண்டு வைத்து இறுக்கி, முகத்துக்கு மேலே ஒரு கூண்டையும் மாட்டிவிட்டு, "சார், இனிமே அசையக் கூடாது, கண்ண மூடிக்கலாம், எதையும் யோசிக்காதீங்க, ஆனா தூங்கிடாதீங்க" என்று கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இயந்திரம் ஓட்டுகிற அம்மாள் காதுக்கருவியில் சொல்லி வாய் மூடவில்லை, இடது நாசி ஓரத்தில் எறும்பு ஊர ஆரம்பித்துவிட்டது... யோசிக்கவும் கூடாது, தூங்கவும் கூடாது என்றால் நடுவில் மனுஷன் என்னதான் செய்வது, அப்படி ஒரு இடம் இருந்தால் நான் எப்போதோ அங்கே குடிபோயிருக்க மாட்டேனா. டக் டக் டக் என்று இயந்திரம் தலையைச் சுற்றி அடிக்கிறது, பக்கத்து வீட்டில் சுவர் உடைக்கிற மாதிரி, நிறுத்துகிறது, மறுபடி வேறு சுருதியில் அடிக்கிறது. மூளையைப் படம் எடுக்கிறார்கள். வயிற்றுக்காரன் மூளையை. கடையில் கூட வேலை பார்க்கிறவரிடம் விடுப்புக்காகச் சொன்னபோது அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "வயித்துல ஒண்ணும் கிடைக்கலன்னு மேல தேடுறாங்களா, அங்கயும் ஒண்ணும் கிடைக்காது" என்றார், சிரித்தேன், சிரிக்கும்போது ஏப்பம் வரவில்லை என்பதைக் கவனித்தேன், அதை அவரும் கவனித்துவிடப் போகிறாரே என்று வழக்கம் போல நெஞ்சைத் தடவிக்கொண்டேன்.

நெஞ்சைத் தடவுவது எப்போது பழக்கமானது, வருஷக்கணக்கில் இருக்கும், இரண்டு வாய் உள்ளே போனதும் மூன்று பேர் சாப்பாட்டைத் தனியாளாக முடித்தவன்போல வயிறு உப்பிக்கொள்ளும், நடுவில் ஒரு கல் உட்காரும், பிறகு ஏப்பம், ஏப்பத்துக்குப் பின்னால் இன்னொரு ஏப்பம், கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை எனக்கு, இருட்டறையில் ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு வில்லையைப் போட்டு "இது நல்லா தெரியுதா", மாற்றிப் போட்டு "இல்ல, இதுவா" என்று நாள் முழுக்க முகத்துக்கு முகம் நெருக்கி நின்று கேட்கிற வேலையில் ஏப்பத்தை எங்கே கொண்டுபோய் விடுவது, விழுங்குவேன், விழுங்கியது திரும்பி வரும், மறுபடி விழுங்குவேன். வாய் வழியே வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்ற வார்த்தையைக் கேட்கத்தான் எல்லாரும் தவம் கிடக்கிறார்கள், எனக்கானால் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, புண்ணாவது இருந்திருக்கக் கூடாதா, கூட வந்திருந்த என் மனைவிதான் சண்டைக்கு நின்றாள், "ஒண்ணுமில்லன்னா அப்புறம் இவர் ஏன் சார் சாப்பிட மாட்டேங்கறார், நான் சமைக்கிறதுதான் சரியில்லன்னு சொல்றீங்களா?" என்று. பாவம் அந்த டாக்டர், எதையோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டார். கடைசியில் இங்கே வந்து சேர்ந்தோம், ஊசி குத்துகிற டாக்டரம்மாவிடம், மனதுக்குள் நான் ஊசிக்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறேன், அவர்தான் முதல்முதலாகப் புரிகிற மாதிரி சொன்னவர்: "சார், எல்லார் வயிறும் ஏதாவது சத்தம் போட்டுக்கிட்டேதான் இருக்கும், மத்தவங்க மூளை அதக் கண்டுக்காது. உங்க மூளை அத ஒட்டுக்கேக்குது. அவ்வளவுதான். அந்தக் காதக் கொஞ்சம் திருப்பி விட முடியுமான்னு பாக்குறோம்." ஒட்டுக்கேட்கிற மூளை... வேறு யாரையும் கேட்காத மூளை என்று பக்கத்தில் இருந்தவள் முணுமுணுத்த மாதிரி இருந்தது, முணுமுணுத்தாளா, நானாக நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை.

இது ஆராய்ச்சி என்பதால் இலவசம், இலவசம் என்பதால் விதி உண்டு. சிலருக்கு சரியான இடத்தில் குத்துவார்கள், சிலருக்கு வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளிக் குத்துவார்கள், யாருக்கு எது என்று ஆராய்ச்சி முழுதாக முடிகிற வரை சொல்ல மாட்டார்கள், குத்துவதற்கு முன்னாலும் பின்னாலும் மூளையைப் படம் எடுத்து வைத்து இவர்களையும் அவர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அதனால் நடுவில் வேறு மருந்து, வேறு வைத்தியம், தடவுவது, அமுக்குவது எதுவும் கூடாது. தலையைத் தலையை ஆட்டினேன். முதல் தடவை குத்திக்கொண்டு வீட்டுக்குப் போன சாயங்காலம், சாப்பிட்டு முடித்துச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, அவள் சும்மாதான் கேட்டாள், "எங்கங்க குத்துனாங்க?", பேன்ட்டை மேலே ஏற்றிக் காட்டினேன், முட்டிக்குக் கீழே நாலு விரல், எலும்புக்கு வெளிப்பக்கம், கொசு கடித்தாற்போல ஒரு சிவப்புப் புள்ளி, "இங்கயா?" என்று கட்டைவிரலை அதன் மேல் வைத்தாள், வைத்தவள் எடுக்கவில்லை, அமுக்கினாள், கண் செய்தியில் இருந்தது, விரல் என் காலில் இருந்தது... அவள் கை என்மேல் பட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது. சண்டை ஒன்றும் கிடையாது எங்களுக்குள். மகன் வேலைக்கு வெளியூர் போனான், ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசுவான், அப்பா நல்லா இருக்காரா என்று கேட்பான், அவள் துணிக்கடைக்குத் துணியைப் பிடித்தும் பிரித்தும் கொடுக்கிற தையல் வேலைக்குப் போவாள், நான் கடைக்குப் போவேன், சாயங்காலம் இரண்டு பேரும் களைத்து வந்து ஒரே வீட்டில் தனித்தனியாகக் களைப்பாறுவோம், பேச்சு என்றால் என் வயிறுதான், இன்னைக்கு எப்படி இருக்கு, அப்படியேதான் இருக்கு, இத்தனையும் சேர்ந்து அந்தக் கட்டைவிரல் அமுக்கியபோது எங்கே அழுதுவிடப் போகிறேனோ என்று பயமாகவே இருந்தது. விதி என்று ஒன்று இருப்பதை அவளும் அறிவாள், கூடத்தானே உட்கார்ந்து கேட்டாள். மறுநாள் சாப்பாடு முடிந்ததும் ஒன்றும் நடக்காதவள்போல "காலக் கொடுங்க" என்றாள். கொடுத்தேன்.

"சார், இப்ப ஊசி போடுவாங்க, லேசாத் தெரியும், அசையாதீங்க." குளிர்ந்த பஞ்சு, பிறகு ஊசிக்காரம்மாவின் விரல்கள் என் விரல்களைப் பிடித்து என் முட்டிக்குக் கீழே அடுக்கி அளக்கின்றன, அவரவர் உடம்புக்கு அவரவர் விரல்தான் அளவாம், என் மனைவிக்கு இது தெரியாது, புள்ளி மறைந்த பிறகு அவள் தன் விரலாலேயே அளந்தாள், அவள் விரல் மெலிசு, என் விரல் தடிமன், ஆக அவள் அமுக்குவது ஊசி குத்துகிற இடமே இல்லை, அரை விரலோ ஒரு விரலோ மேலே. எனக்கு அது இரண்டாம் நாளே தெரியும். சொல்லவில்லை. சொன்னால் அவள் இடத்தை மாற்றுவாள், அல்லது "எனக்கென்ன தெரியும், டாக்டர்கிட்டயே பண்ணிக்குங்க" என்று கையை எடுத்துவிடுவாள், இரண்டாவதுதான் நடக்கும், எனக்குத் தெரியாதா அவளை... ஊசி இறங்கிவிட்டது, இரும்பு இல்லாத ஊசி, இந்தக் காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்பு வந்தால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்துவிடுமாம், இப்போது திருகுகிறார், வலி என்று சொல்ல முடியாது, கனம், மரத்துப்போன மாதிரி ஒரு கனம் கணுக்காலை நோக்கி மெல்ல இறங்குகிறது, இந்தக் கனம்தான் மேலே மூளைக்குப் போய் அந்த ஒட்டுக்கேட்கிற இடத்தில் விளக்கைத் தணிக்கிறதாம், போன தடவை படத்தைக் காட்டினார்கள், சாம்பல் நிறத்தில் வெட்டி வைத்த முட்டைக்கோஸ் மாதிரி என் மூளை, அதில் அங்கங்கே ஆரஞ்சு நிறப் பொட்டு, "இங்க ரத்த ஓட்டம் கூடியிருக்கு, இங்க குறைஞ்சிருக்கு" என்றார்கள், நான் பார்த்துக்கொண்டே நின்றேன், நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை, ஊசி திருகும்போது எனக்கு ஊசி ஞாபகம் வரவில்லையே டாக்டர், என் மனைவி கட்டைவிரல்தானே ஞாபகம் வருகிறது, அதுவும் இதில் தெரியுமா, எந்தப் பொட்டு அது? தெரிந்தால் குட்டு உடைந்துவிடும், எத்தனை பேர் படித்துப் படித்து நடத்துகிற ஆராய்ச்சி, நடுவில் ஒருத்தன் மூளையில் மட்டும் ஒரு தையல்காரி செய்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நினைக்காதே. நினைக்காதே என்றால் இன்னும் பளிச்சென்று உட்காருகிறாள்.

எனக்குக் குணமாகிவிட்டது. இந்த டக் டக் சத்தத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம், யார் காதிலும் விழாது, எனக்குக் குணமாகி இரண்டு மாதம் ஆகிறது. ஊசியாலா, விரலாலா, சரியான இடமா, தள்ளிப்போன இடமா, எந்தச் சாமி செய்த வேலையோ, ஒரு நாள் கடையில் மத்தியானம் வயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஏதோ வந்தது, ஐயோ ஆரம்பித்துவிட்டது என்று பார்த்தால் பசி, அசல் பசி, பள்ளிக்கூடப் பையனுக்கு வருகிற பசி, எனக்கு அதை அடையாளமே தெரியவில்லை. இங்கே வயிற்றுத் தொல்லை எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் கேட்பார்கள், இங்கே உண்மையைத்தான் சொல்கிறேன், ஒன்று, இரண்டு, சில நாள் பூஜ்யம். வீட்டில்தான் சொல்லவில்லை. வீட்டில் தட்டில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு நெஞ்சைத் தடவுகிறேன், "அப்படியேதான் இருக்கு" என்கிறேன், மறுநாள் கடைக்குப் போகிற வழியில் ரொட்டிக்கடையில் இரண்டு பன் வாங்கித் திருடனைப்போல இருட்டறைத் திரைக்குப் பின்னால் நின்று தின்கிறேன், உலகத்தில் கள்ளத்தனம் பண்ணுகிற ஆண்பிள்ளைகள் என்னென்னவோ பண்ணுகிறார்கள், நான் பெண்டாட்டிக்குத் தெரியாமல் பன் தின்கிறேன். சொன்னால் என்ன ஆகும், சந்தோஷப்படுவாள், மகனுக்குச் சொல்வாள், அன்று சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் "காலக் கொடுங்க" என்று சொல்ல மாட்டாள், எதற்குச் சொல்ல வேண்டும், குணமானவன் காலை யார் அமுக்குவார்கள். வயிறும் இல்லையென்றால் எங்களுக்குள் பேச என்ன இருக்கிறது? இதுதான் பயம், வெட்கமில்லாமல் சொன்னால் இவ்வளவுதான். இன்றோடு என் முறை முடிகிறது, கடைசி நாள் வீட்டாரையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள், வெளியே நீல நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இன்னும் சற்று நேரத்தில் ஊசிக்காரம்மா அவளிடம் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்லப் போகிறார், நான் பக்கத்தில் நின்று முழிக்கப் போகிறேன். இந்தக் குழாயிலேயே கிடந்துவிட்டால் என்ன. மூக்கு அரிப்பு எப்போது நின்றது?

"முடிஞ்சுது சார், நல்லா அசையாம இருந்தீங்க" என்று அந்த அம்மாள் கூண்டைக் கழற்றினார், ஏதோ பரிசு வாங்கிய பிள்ளையிடம் சொல்வதுபோல, எழுந்து உட்கார்ந்ததும் அறை கொஞ்சம் சுற்றியது, ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி உடை மாற்றுகிற தடுப்புக்குள் போனேன், அவர்கள் கொடுத்த அங்கியைக் கழற்றிவிட்டு ஆணியில் தொங்கிய பேன்ட்டை எடுத்தால் அவசரத்தில் கழற்றியது உள்வெளியாகத் திரும்பியிருந்தது, சரிசெய்யப் போனவன் பேன்ட்டும் கையுமாக நின்றேன். இடுப்புப் பட்டையின் பின்பக்கம் பிரித்துத் தைத்திருந்தது. பழைய தையல் போன வழி வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டையாகத் தெரிகிறது, அதற்கு ஒரு விரல் தள்ளிப் புதுத் தையல், நூல் நிறம்கூட மாறாமல், சீராக, வெளியிலிருந்து பார்த்தால் கடவுளுக்கும் தெரியாது. போன மாதம் இந்தப் பேன்ட் பிடித்தது, பொத்தானைப் போட மூச்சை அடக்க வேண்டியிருந்தது, பிறகு ஒரு நாள் பிடிக்கவில்லை, துவைத்ததில் இளகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், என்னைவிட ஒரு முட்டாள் இருப்பானா, துணி துவைத்தால் சுருங்குமா இளகுமா... சாப்பாட்டில் பாதியை ஒதுக்குகிறவனுக்கு இடுப்பு ஏன் பெருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அளந்திருக்கிறாள், பிரித்திருக்கிறாள், தைத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, அன்று சாயங்காலமும் "காலக் கொடுங்க" என்றிருக்கிறாள். பேன்ட்டைப் போட்டுக்கொண்டேன், பொத்தான் சுலபமாக ஏறியது.

வெளியே ஊசிக்காரம்மா அவளுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். "வாங்க சார், உங்களப் பத்திதான் பேசிட்டு இருந்தோம். ரெண்டு மாசமா ரெண்டுக்கு மேல இவர் சொன்னதே இல்லம்மா, வீட்லயும் நல்லா சாப்பிடறார்தானே?" அவள் என் பக்கம் திரும்பவில்லை, ஒரு மூச்சு நேரம் நிறுத்தினாள், நாள் முழுக்க ஜனங்களிடம் இதுவா அதுவா என்று கேட்கிறவனுக்கு அந்த நிறுத்தம் தெரியும், உண்மை அதற்குள்தான் இருக்கும், பிறகு "சாப்பிடறார் டாக்டர்" என்றாள். "நடுவுல வேற வைத்தியம், அமுக்கி விடறது, அந்த மாதிரி எதுவும் பண்ணலையே?" "இல்ல டாக்டர்." இந்தத் தடவை நிறுத்தம்கூட இல்லை. உண்மையைச் சொல்லிவிடு, இவர்கள் ஆராய்ச்சியையாவது காப்பாற்று என்று உள்ளே ஒருவன் சொல்கிறான், இன்னொருவன் வாயைப் பொத்துகிறான், அதற்குள் ஊசிக்காரம்மா அவள் கையைப் பிடித்துவிட்டார், வலது கையை, "என்னம்மா இது, கட்டைவிரல் மூட்டு இப்படி வீங்கியிருக்கு? மடக்குங்க பாப்போம்." மடக்கினாள். பாதியில் நின்றது. முகம் சுருங்கியது, உடனே அதைச் சரி செய்துகொண்டாள். "கத்திரி புடிச்சுப் புடிச்சு டாக்டர். தையல் வேலை." "கொஞ்ச நாளைக்கு அந்த விரலுக்கு ஓய்வு கொடுக்கணும்மா, அழுத்தற வேலையே கூடாது, விட்டா கத்திரியே புடிக்க முடியாமப் போயிடும்." "சரிங்க டாக்டர்." கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கத்திரி பிடிக்கிறவள், ஒரு நாள் விரல் வலிக்கிறது என்று சொன்னதில்லை. எனக்குத் தெரியும் அது எதனால் என்று, அவளுக்கும் தெரியும், சுவரில் மாட்டியிருந்த மனித உடம்புப் படத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன், உடம்பு முழுக்கப் புள்ளி, புள்ளிக்குப் புள்ளி கோடு.

பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் இல்லை. இரும்பு இருக்கையில் அவள் ஓரமாக உட்கார்ந்தாள், நான் நின்றேன், பிறகு உட்கார்ந்தேன், நடுவில் அவள் பை. கொஞ்ச நாளாகப் பாட்டிலை மூடி திறக்க என்னிடம் நீட்டுகிறாள், ஒரு வார்த்தை பேசாமல் நீட்டுவாள், நான் திறந்து கொடுத்துவிட்டுச் செய்திக்குத் திரும்பிவிடுவேன், சாவியை இடது கையால் திருப்புகிறாள், தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறாள், எல்லாம் என் கண்ணெதிரேதான் நடந்தது, ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை, சாயங்காலம் ஆனால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், வலிக்காத வயிற்றுக்காக வலிக்கிற விரல் அமுக்கியது, சில நாள் நடுவில் நிறுத்திக் கையை உதறுவாள், அலுத்துவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருக்கும், இன்னும் கொஞ்சம் நெஞ்சைத் தடவிக்கொள்வேன். சே. எப்போதிலிருந்து தெரியும் உனக்கு என்று கேட்டுவிடலாம், ஒரே வாக்கியம், பேருந்து வருவதற்குள் கேட்டுவிடலாம், பேன்ட்டைப் பிரித்த அன்றைக்கா, அதற்கும் முன்னாலா, தெரிந்துகொண்டே ஏன்டி என்று கேட்கலாம், அவளுக்கும் என் மாதிரியே சாயங்காலம் ஆனால் பயமாக இருந்ததா என்று கேட்கலாம், கேட்டால் பதில் வரும், வந்த பிறகு நாங்கள் இருவரும் அந்தப் பதிலோடு வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும். கேட்கவில்லை. அவள் எதிரே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், களைப்பாக இருந்தாள், இவ்வளவு களைத்த முகத்தை நான் இதற்கு முன் எங்கே பார்த்தேன் என்று யோசித்தேன், தினமும்தான். தூரத்தில் எங்கள் பேருந்து திரும்பியது, எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, பையை நான் எடுப்பதற்குள் தோளில் மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"இன்னைக்கு இடது கையால அமுக்கிப் பாக்குறேன். கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், பொறுத்துக்குங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன், "சரி" என்றேன்.